இரைச்சலை எடுத்துவிடுங்கள்

செருப்புக் கம்பெனிக்கான குட்டி வீடியோ பாட்டில்லாமல் மொட்டையாக ஓடிக்கொண்டிருந்தது. புதுச் செருப்புக் கால்கள் படியேறின, இறங்கின, குதித்தன. அதை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவளின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார் முதலாளி. அவளைவிடச் சின்னவர்.

"அக்கா, ஊரே இந்த ஆடியோவுக்குத்தான் ரீல் போடுது. பழைய சோப்பு விளம்பரப் பாட்டு, எவனோ போன்ல பிடிச்சது. கேட்டா பழசெல்லாம் வந்து நிக்கும் பாருங்க."

"நின்னுக்கிட்டே இருக்கட்டும். இங்க உட்கார நாற்காலி இல்ல."

சிரித்துக்கொண்டே ஓடவிட்டார்.

பட்டறையில் தொழிற்சங்கம் சேர்த்தான் என்று அவள் தம்பியைப் பட்டறைக்காரனின் ஆட்கள் தெருவில் போட்டு அடித்த அன்று குளிர்பானக் கடை ரேடியோவில் ஓடிய பாட்டு. அலறல் வெளியே கேட்காதபடி கடைக்காரரை மிரட்டிச் சத்தத்தைக் கூட்டவைத்தார்கள். ஒருவன் அவள் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டான். தம்பியின் முழங்காலில் கம்பி இறங்கியது. எழப் பார்த்தவனை வாயிலேயே உதைத்தார்கள். பல்லோடு இரத்தத்தைத் துப்பிவிட்டு "அக்கா" என்றான். அடுத்த அடி மண்டையில். இன்னொருவன் அதைப் போனில் படமெடுத்தபடி சிரித்தான். கொலை வழக்கில் அந்தப் போனே இல்லை என்று சாதித்தார்கள். கூடப்பிறந்தவள் சொல்வது எடுபடவில்லை. எல்லோரும் விடுதலையாகி வெளியே வந்தார்கள்.

"பின்னாடி கரகரன்னு ஒரு இரைச்சல் இருக்கு பாருங்க, அதை மட்டும் எடுத்துடுங்க" என்றார் முதலாளி.

பாட்டையும் இரைச்சலையும் பிரிப்பது அவளுக்கு ஒரு சொடுக்கு வேலை. பிரித்தாள். பாட்டை நீக்கினாள். மிஞ்சியதைச் செருப்புக் கால்களுக்கு அடியில் வைத்து, ஸ்பீக்கர் சத்தத்தை முழுதாகக் கூட்டினாள்.

எலும்பு உடையும் சத்தம். சிரிப்பு. ஈரமான இருமல். "அக்கா..."

"ஐயோ, என்ன எழவு இது? நிறுத்துங்க!"

வயரைப் பிடுங்க நீண்ட கையை முறுக்கி மேசையில் அறைந்தாள். அங்கிருந்த காப்பிக் குவளை நொறுங்கி, சில்லு அவர் உள்ளங்கையில் ஏறியது. கீபோர்டுக்குள் இரத்தம் வடிந்தது. அவள் பிடியை விடவில்லை.

"யாருக்கா அது?" குரல் கீச்சிட்டது.

"என் தம்பி. சாகுறான். இதை முதல்ல போட்டது எவன்னு பாரு."

இடது கையால் போனைத் துழாவினார். முதல் பதிவு கிடைத்தது, போட்டவனின் படத்தோடு. கண்ணாடி போட்டுக் கன்னம் உப்பியிருந்தாலும், அன்று சிரித்துக்கொண்டே படமெடுத்தவனின் முகம்தான். எல்லோரும் தன் ஆடியோவை எடுத்துக்கொண்டு தன் பேரை விட்டுவிட்டார்கள் என்று அவனுக்கு ஆத்திரம். கீழே எழுதியிருந்தான்: 'இதை என் போனில் நானே எடுத்தேன். நான் அங்கேதான் நின்றேன். மரியாதையாக என் பேரைப் போடுங்கள்.'

அவள் அதை இன்னொரு முறை படித்தாள். முறுக்கிய கையை விட்டாள்.

"கட்டுப் போட்டுக்கிட்டு வா" என்றாள். "வக்கீல் ஆபீசுக்குப் போகணும். அவன் பேரைப் போட்டுருவோம்."