மீட்டர் மூடி

தென்னை மரத்தடியில் படகைக் கட்டியது தப்பு என்று உபகாரசாமியிடம் யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆள் இல்லை. மோகனூர்க் காவிரிக் கரையில் வெள்ளக் காலத்துக்கென்று நிறுத்தியிருந்த அந்த அரசாங்க மோட்டார் படகுக்கு ஓட்டுநரும் அவர்தான், காவலும் அவர்தான். காலையில் வந்து பார்த்தபோது ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு முற்றிய தேங்காய் கிடந்தது. மீட்டர்களுக்கு மேலிருந்த ஃபைபர் மூடி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை விரிசல் விட்டிருந்தது. இரவு பெய்த மழை உள்ளே இறங்கி, டீசல் அளவையும் இன்ஜின் சூட்டையும் காட்டும் கண்ணாடிகளில் ஆவி பிடித்திருந்தது.

அவருக்கு ஊர் சேலம். மகள் லிடியாவின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போன மனைவி தெரசம்மாள், பேரன் நடக்கத் தொடங்கிய பிறகும் திரும்பவில்லை. லிடியா வேலைக்குப் போகிறாள், பிள்ளையை யார் பார்ப்பது? நியாயம்தான். அவர் சேலத்து வீட்டைப் பூட்டிவிட்டு மோகனூரில் ஒரு அறையில் தங்கியிருந்தார். "ஒரு டீ" என்று கடையில் சொல்வதோடு அன்றைய பேச்சு முடிந்துபோகிற நாட்கள் நிறைய.

அலுவலகத்துக்குப் போன் செய்தார். புது மூடி வர நாளாகும், அதுவரை எங்காவது ஒட்டவைத்துச் சமாளியுங்கள் என்றார்கள். திருகுகளைக் கழற்றி மூடியை எடுத்துக்கொண்டு, மீட்டர்களைப் பாலிதீன் தாளால் மூடிக் கட்டிவிட்டுப் பஸ் ஏறினார்.

"ஏனுங்க, அது டிவி பெட்டி மூடிங்களா?" என்றாள் பக்கத்து சீட்டுப் பெண்.

படகினுடையது என்றவர், நாமக்கல்லில் அவள் இறங்கும்வரை படகைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார்.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளுக்கு ஃபைபர் வேலை செய்யும் அர்த்தநாரியின் பட்டறை ஒரே சத்தமாக இருந்தது. அர்த்தநாரிக்கு நாற்பது வயதிருக்கும். மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவன், விரிசல் மேலும் ஓடாதபடி அதன் இரண்டு நுனியிலும் சின்னதாகத் துளை போட்டான். பின்பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, நார்த் துணியைப் பிசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டினான். அது இறுகும்வரை உபகாரசாமி ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் சேர்த்து டீ வந்தது. ஆற்றில் முதலை உண்டா என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் அவருடைய தொப்பியை எடுத்துப் போட்டுப் பார்த்தான். திரும்பும் பஸ்ஸில் அவர் தனக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

மூடி கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. அடுத்த வாரம் முழுக்க ஆடி மழையில் கரை வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு நாள் காலையில் அவர் திருப்புளியை எடுத்தார். நல்லாயிருந்த மூடியைக் கழற்றிக்கொண்டு மறுபடியும் திருச்செங்கோட்டுக்குப் போனார்.

"கசியுது தம்பி."

அர்த்தநாரி ஒட்டின இடத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான்.

"சரிங்கண்ணா, இன்னொரு கோட்டு போட்டுக் குடுக்கறேன். காய நேரமாகும். உக்காருங்க."

அவர் அதே டயரில் உட்கார்ந்தார். டீயைப் பாதி குடித்திருப்பார், அலுவலகத்திலிருந்து தமிழரசு போனில் வந்தார்.

"மேட்டூர்ல தண்ணி ஏகமாத் தொறந்துட்டாங்க. ஆத்துத் திட்டுல பச்சமுத்துவும் சின்னாயியும் ஆடுகளோட இருக்காங்க. பொழுது சாயறதுக்குள்ள கரையேத்திரணும். படகுலதான இருக்கறீங்க?"

உபகாரசாமி டீயைக் கீழே வைத்தார். "போயிடறேன் சார்" என்று மட்டும் சொன்னார்.

விஷயத்தைக் கேட்ட அர்த்தநாரி உடனே எழுந்தான். முழுசாகக் காயாத மூடியைச் சாக்கில் சுற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு பைக்கை எடுத்தான். தூறல் பிடித்துக்கொண்டது. நாமக்கல் தாண்டியதும் உபகாரசாமி அவன் தோளருகே குனிந்தார்.

"தம்பி, மூடி கசியலப்பா."

"தெரியுமுங்க."

"அப்புறம் எதுக்கு மறுபடி பூசுன?"

"நீங்க உக்கார்றதுக்கு ஒரு வேல வேணுமில்லீங்களா" என்றான் அர்த்தநாரி, திரும்பாமலே.

உபகாரசாமி மூடி நனையாதபடி சாக்கை இழுத்துச் சுற்றிக்கொண்டார்.

கரையில் பாலிதீன் தாள் காற்றில் பிய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. இருவரும் மீட்டர்களைத் துடைத்து மூடியைத் திருகினார்கள். அர்த்தநாரி நீச்சல் தெரியாதவன். ஆனாலும் அவர் நீட்டிய மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டான். செந்நிறத் தண்ணீர் ஆகாயத்தாமரையை வாரிக்கொண்டு வந்தது. பாதி ஆற்றில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சரசரவென்று ஏறியது. உபகாரசாமி சட்டென்று இன்ஜினை நிறுத்தினார். இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் குழாயில் ஆகாயத்தாமரைக் கொடி அடைத்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. படகு இழுபட்டுப் போக, அர்த்தநாரி கண்ணை மூடிக்கொண்டு படகில் கிடந்த மூங்கில் கழியைப் பாறையில் ஊன்றிப் பிடித்தான். அவர் கவிழ்ந்து படுத்துக் கொடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடி இன்ஜினை ஓடவிட்டார். முள் இறங்கியது.

திட்டில் முக்கால் பங்கு முழுகியிருந்தது. பச்சமுத்து ஆடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தான். குட்டியை மடியில் வைத்திருந்த அவன் மனைவி சின்னாயி, "ஏஞ்சாமி இவ்வளவு நேரம்?" என்றாள். கோபமில்லாமல்தான் கேட்டாள். உபகாரசாமியால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. "என் மேலதான்மா தப்பு" என்றார்.

கரையில் அவர்களுடைய சொந்தக்காரர்கள் வண்டியோடு நின்றார்கள். ஆடுகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். அர்த்தநாரியின் வீட்டிலிருந்து போன் மேல் போன்.

"நான் வாரேனுங்கண்ணா. தண்ணி வடிஞ்சதும் புள்ளைங்களக் கூட்டிட்டு வாரேன், படகு காட்ட."

"வா தம்பி" என்றார். பைக் வளைவில் மறையும்வரை நின்றார்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தெரசம்மாளைக் கூப்பிட்டார். "இப்பத்தான் தூங்கறான், அப்புறம் பேசறேன். ஏதாச்சும் அவசரமா?" என்று கிசுகிசுத்தாள்.

"இல்ல, சும்மாதான்."

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. உபகாரசாமி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி, தென்னையில் கட்டியிருந்த படகின் கயிற்றை அவிழ்த்து, மேட்டிலிருந்த வேறொரு மரத்தில் கட்டப் போனார்.