வாடகைக்கு இருப்பவர்

டென்னசி எல்லைக்கு அப்பால் ஒரு சிறிய நீதிமன்றத்தில் வெர்லீனுக்கும் அர்விலுக்கும் கல்யாணம் ஆகிப் பத்தொன்பது நாளும் நாலு மணி நேரமும் ஆகியிருந்தன. அப்போதுதான் அவளுடைய இறந்துபோன முதல் கணவனின் தம்பி டெல்மர் கதவை உதைத்துத் திறந்தான். கொக்கி தெறித்து விறகடுப்பின் மேல் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அர்வில் பீன்ஸ் குழம்பில் சோள ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தேவாலயத்திலிருந்து நேராக வந்திருந்த டெல்மர் இன்னும் கழுத்துப்பட்டையைக்கூடத் தளர்த்தவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் அவன் மனைவி லூயெல்லா அலுவலக ஃபைல் ஒன்றை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

"சபையில கை தூக்கியாச்சு, அண்ணி. சபைப் பட்டியல்லேர்ந்து உங்க பேரை எடுத்துட்டாங்க. நாப்பத்தோரு கை."

"உன் கை?" என்றாள் வெர்லீன்.

"மொதல்ல தூக்கினதே நான்தான். எங்கண்ணன் படுத்த கட்டில்ல எவனோ படுத்திருக்கான். நான் என்ன கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

 பதிலாகச் சொல்ல அவளிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அதைச் சொன்னால் சபைக்கு அவள் மேல் ஒரு குறையும் இராது. ஆனால் அவள் உடம்பு நின்றுவிடும்.

அவளுடைய முதல் கணவன் ஹோபர்ட் மாவட்டப் பள்ளியில் இருபத்தொன்பது வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன். ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கான நிதியிலிருந்து அவனுக்கு மருத்துவக் காப்பீடு கிடைத்தது. அவன் இறந்த பிறகு அது விதவைக்கு வந்தது, அவள் விதவையாகவே இருக்கும் வரை. வெர்லீனுக்கு வயது அறுபத்தொன்று. முதியோருக்கு அரசாங்கம் தரும் காப்பீடு வர இன்னும் நாலு வருடம் காத்திருக்க வேண்டும். அவளுக்கு நரம்பு நோய். எட்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினால்தான் கால் தரையில் நிற்கும். இரண்டு வருடம் முன்பு காப்பீட்டுப் படிவம் ஐந்து வாரம் தாமதமாகப் போனதில் மருந்து நின்றது. அந்த ஐந்து வாரத்தில் அவளால் கரண்டியைப் பிடிக்க முடியாமல் போயிற்று. எதிர்வீட்டில் தனியாக இருந்த அர்வில், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், தினமும் வந்து அவளுக்கு ஊட்டிவிட்டார். அப்படி வந்தவர்தான். அரசாங்கத்தில் பதிந்த காகிதம் இல்லாமல் எந்தப் பாதிரியாரும் கல்யாண ஜெபம் சொல்ல மாட்டார். காகிதம் இல்லாமல் ஒரே கூரையின் கீழ் படுக்க அர்விலுக்கு மனம் ஒப்பவில்லை. அதனால் உள்ளூர்ப் பதிவேட்டில் ஏறாமலிருக்க எல்லை தாண்டிப் போய்க் கட்டிக்கொண்டார்கள். ஊருக்கு அவர் வாடகைக்கு இருப்பவர்.

சபை சொல்வது: கட்டிக்கொள், இல்லையென்றால் வெளியே போ. நிதி சொல்வது: கட்டிக்கொண்டால் வெளியே போ.

லூயெல்லா ஃபைலிலிருந்து காப்பீட்டுப் படிவத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் அவளுக்கு எழுத்தர் வேலை. உறுதிமொழிகளுக்கு முத்திரை குத்தும் அதிகாரமும் அவளிடம் இருந்தது.

"நாளைக்குக் கடைசி நாள், அக்கா. நிதி வத்திப் போச்சாம். இப்ப வேலை பாக்கற டீச்சருங்க சம்பளத்துல பிடிக்கறதையும் கூட்டிப் பாத்தாங்க, பத்தலையாம். சட்டசபைக்காரங்க ஒத்தக் காசு ஏத்தித் தர மாட்டேன்னுட்டாங்க. அதான் விதவைங்களைச் சல்லடை போட்டுச் சலிக்கறாங்க."

டெல்மர் அவளைக் கவனிக்கவில்லை. அடுப்போரம் சாத்தியிருந்த கோடாலிக் காம்பை எடுத்தான்.

"ஏண்டா, இவங்க உனக்கு யாரு?"

"மாடி ரூம்ல வாடகைக்கு இருக்கேன்" என்றார் அர்வில்.

"இந்த வீட்டுக்கு ஏதுடா மாடி?"

காம்பு தட்டின் மேல் இறங்கியது. பீங்கான் துண்டு அர்விலின் புருவத்தைக் கிழித்தது. குழம்பில் ரத்தம் சொட்டியது. முப்பது வருடம் மலைப்பாதையில் பேருந்தைத் திருப்பிய கைகள் அவருடையவை. டெல்மரை ஒரு கையால் தூக்கி வாசலில் எறிந்திருக்கலாம். அந்தக் கைகளை அவர் மேசை மேல் விரித்து வைத்துக்கொண்டார்.

"யாருடா?"

"வாடகைக்கு..."

தோளில் விழுந்தது அடுத்த அடி. நாற்காலி சாய்ந்து அவர் தரையில் உருண்டார். டெல்மர் விலாவில் உதைத்தான். ஈர விறகு வெடிப்பது போல ஒரு சத்தம்.

"விடு டெல்மர்! செத்துடுவார்!" என்று கத்தினாள் வெர்லீன்.

"செத்தா என்ன? வாடகைக்காரன்தானே! வேற ஆள் வப்பீங்க!"

லூயெல்லா வெர்லீனைப் பார்த்தாள். பிறகு தரையில் கிடந்தவரைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.  பேனாவை வெர்லீனின் விரல்களுக்குள் திணித்தாள்.

"அக்கா, கையெழுத்தைப் போட்டுடுங்க" என்று காதோரம் கிசுகிசுத்தாள். "போட்டதும் என் வீட்டுக்காரரை நான் இழுத்துக்கிட்டுப் போயிடறேன். மத்தது எதுவும் என் காதுல விழ வேணாம். விழுந்தா நான் எழுதியாகணும். என் வேலை அது."

பேனா முனை கோட்டின் மேல் நின்றது. அதற்கு மேல் அச்சடித்திருந்தது: மறுமணம் செய்துகொள்ளவில்லை என உறுதி கூறுகிறேன்.

மேசைக் காலைப் பிடித்து எழ முயன்ற அர்விலின் விரல்கள் மேல் காம்பு இறங்கியது.  அவர் வெர்லீனைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், சொல்ல வேண்டாம் என்று. தரையில் மோதி உடைந்த பல் ஒன்று வாயிலிருந்து ரத்தத்தோடு கன்னத்தில் வழிந்தது.

"கடைசியாக் கேக்கறேன். யாரு நீ?"

"வாட..."

டெல்மர் காம்பை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினான். இந்த முறை குறி மண்டைக்கு.

வெர்லீன் எழுந்தாள். மருந்து ஏற்றி ஏழு வாரம் ஆகியிருந்தது. இடது கால் மரக்கட்டையாக இருந்தது. இரண்டு எட்டு வைத்து, மூன்றாவதில் விழுந்தாள். விழுந்தது அர்விலின் மேல். அவர் தலையைத் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டாள். காம்பு அவள் முதுகுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"நகருங்க அண்ணி!"

"வெர்லீன், பேசாதே" என்றார் அர்வில், அவள் துணிக்குள் முகம் புதைந்தபடி. "நான் தாங்குவேன். பேசாதே."

லூயெல்லா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுதாள்.

வெர்லீன் தலையை மட்டும் நிமிர்த்தினாள்.

"கையை எடு, லூயெல்லா. கேட்டுக்கோ. எழுதிக்கோ. டெல்மர், நீயும் உன் சபையில போய்ச் சொல்லு. இவரு வாடகைக்கு இல்ல. இவரு என் புருஷன்."