ஈஸ்வரபாண்டி படிப்பதற்காக எழுதிய கதை

1.
இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல; எதிர்வீட்டு ஜாய்ஸ் அக்கா கேட்டு வாங்கியது. தேனியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் நாங்கள் இருவரும் மூன்றாம் மாடி. அக்கா வீட்டுக்கு நேர் கீழே, வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் ஈஸ்வரபாண்டி. நான் கதை எழுதும் பத்திரிகையின் பிரதி எனக்கு வரும்; அதை மாதாமாதம் கேட்டு வாங்கிப் படிப்பவர் அவர் ஒருவர்தான்.

"பேரு போடாம ஒரு கதையா எழுதிரு. தம்பி படிச்சுப் புரிஞ்சுக்கிரட்டும்," என்றார் அக்கா.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். படிக்க வேண்டியவருக்குப் பெயர் தேவைப்படாது.)

2.
முதல் தொடக்கம்: 'அந்தப் பாவி கதவைச் சாத்திக்கொண்டு சிகரெட்டைப் பற்ற—'

அடித்துவிட்டேன். பாவி இல்லை ஈஸ்வரபாண்டி. அக்காவின் கணவர் எபனேசர் அண்ணாச்சி, ஏலக்காய்த் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தே நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். மலைக்குளிர் ஆகாதென்று கீழே தேனிக்கு வந்தவர். எங்கள் லிப்ட் பாதி நாள் ஓடாது. மூச்சு முட்டும்போதெல்லாம் அவரைத் தூக்கிக்கொண்டு படி இறங்குவது ஈஸ்வரபாண்டிதான். வில்லனாக்கலாம் என்று பார்த்தால் மனிதர் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறார்.

3.
(இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

குடியிருப்போர் கூட்டத்தில் புகைக்குத் தடை போடுவது பற்றிப் பேச்சு வந்தது. என் வீட்டுக்குள் என்ன செய்தால் உனக்கென்ன என்றார் வைகுண்டராஜ். பெண்கள் நடமாடும் இடத்தில் கூடாது என்றார் இன்னொருவர். பெரியவர்கள் கண்ணில் படக்கூடாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மூக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மொட்டைமாடியிலும் படிக்கட்டிலும் தடை என்று முடிவானது. ஈஸ்வரபாண்டி எழுந்துபோய், அண்ணாச்சியின் கையில் அடித்து, இனி சிகரெட்டைத் தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

ஒரு வாரம் தாங்கியது. பிறகு, பெரியவர் முன்னால் பிடிக்கக் கூசுகிறவர் செய்வதைத்தான் செய்தார்: குளியலறைக்குள் ஒளிந்துகொண்டார். அதுவரை மொட்டைமாடிக் காற்றோடு போன புகை, குழாய்கள் போகும் சந்து வழியாக ஏறி அண்ணாச்சி வீட்டுக் குளியலறை வென்டிலேட்டருக்குள் நுழைந்தது. அக்கா பலகை வைத்து அடைத்தார். இடுக்கில் வந்தது.

4.
நேரில் சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். நானும் அதையே சொன்னேன். அண்ணாச்சி இன்ஹேலரை மடியில் வைத்துக்கொண்டு மறுத்துவிட்டார்.

"சத்தியத்த மீறுனது நமக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அவன் நம்ம மூஞ்சியில முழிக்க மாட்டான். பெறகு என்னய யாரு தூக்குவா?"

அதனால்தான் கதை. ஒரு வரைவில் ஊரைப் பெரியகுளம் ஆக்கினேன், மண்டியை மாந்தோப்பு ஆக்கினேன். அடையாளம் தெரிந்தால் அவர் கூசிப்போவார். தெரியாவிட்டால் எழுதிப் பயனில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வாக்கியம் அமைந்துவிட்டால் போதும். அது இப்படித் தொடங்கும்: 'மேல்வீட்டில் ஒருவர்—'

(இங்கே அக்கா கதவைத் தட்டினார்.)

5.
அன்றைக்கும் ஈஸ்வரபாண்டிதான் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஆஸ்பத்திரி வாசலில் மூச்சு இல்லை. நுரையீரல் என்றார் டாக்டர். தோட்டத்து மருந்தா, கீழ்வீட்டுப் புகையா என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது. தெரியாமலே இருக்கப் போகிறது என்பதுதான் ஆறவில்லை.

கல்லறையில் ஈஸ்வரபாண்டி அழுத அளவுக்குச் சொந்தக்காரர்கள் அழவில்லை. இன்றும் என்னைப் படிக்கட்டில் பார்த்தால் நிற்கிறார்.

"இன்னும் வெரசா எறங்கிருக்கணும்க்கா," என்கிறார்.

6.
முடிவு, ஒன்று: கதையைக் கிழித்துப் போடுகிறேன். அவர் தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும். (ஆனால் சாயங்காலம் புகை இன்னும் மேலே வருகிறது. கொஞ்ச நாளாக ஜாய்ஸ் அக்காவுக்கும் இருமல்.)

முடிவு, இரண்டு: அவர் படிக்கிறார். அன்றோடு சிகரெட்டை விடுகிறார். அதன்பிறகு அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அவர்— (என்னால் எழுத முடியவில்லை.)

"போடாத. அந்தத் தம்பி தாங்காது," என்கிறார் அக்கா, இருமிக்கொண்டே.

நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அச்சாகிவிட்டது. என் பிரதியும் வந்து, என் மேஜைமேல் இருக்கும். வழக்கம்போல ஈஸ்வரபாண்டி மாடியேறி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்று கேட்பார்:

"புத்தகம் வந்துருச்சாக்கா?"

என்ன சொல்லட்டும்?