இருநூறோடு நின்ற மழை

அந்த அலுவலகத்தின் தலைமை அதிகாரிக்கு 'சராசரி' என்று பட்டப்பெயர் வைத்தவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். கொட்டித் தீர்த்தாலும் காய்ந்து கிடந்தாலும் அவர் வாயில் அந்த ஒரு சொல்தான். முப்பது வருட மழையைக் கூட்டி முப்பதால் வகுத்துவிட்டால் வானம் கைகட்டி நிற்கும் என்று நம்புகிற ஜென்மம்.

மழை ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த அவளுக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். கடல் சூடேறச் சூடேறக் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கிறது, சுமந்ததை ஒரே நாளில் இறக்கிவிட்டுப் போகிறது என்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டால், "வருஷக் கணக்கு மாறலையேம்மா" என்று கொட்டாவி விடுவார். அந்தக் கொட்டாவிக்கு மேல்மட்டத்தில் மரியாதை வேறு.

இந்த வாரம் கடல் பக்கமிருந்து வந்த காற்றில் அவள் இதுவரை பார்த்திராத ஈரம். வெள்ள அபாய வரைபடத்தில் ஆபத்தில்லை என்று பச்சை அடித்த தெரு ஒன்றில், கால்வாயை ஒட்டிய தரைத்தள வீட்டில், அவள் தங்கை இருந்தாள். கைக்குழந்தை, படுத்த படுக்கையாக மாமியார். பச்சைத் தெருவுக்கு எச்சரிக்கையும் போகாது, படகும் போகாது.

அந்தத் தெருவுக்குப் பச்சை அடிக்க ஆதாரமாக இருந்த கால்வாய்க்கரை மழைமானியின் பழைய கணக்கைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். முப்பது வருடத்தில் ஏழு நாட்கள் சரியாக இருநூறு மில்லிமீட்டர். இருநூற்று ஒன்று ஒரு நாள்கூட இல்லை. மழை என்ன அவ்வளவு ஒழுக்கமான பிள்ளையா?

நேரே கால்வாய்க்கரை பம்ப் ஹவுஸுக்குப் போனாள். தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து எழுதுகிறவர் அங்கே இருந்த பம்ப் ஆபரேட்டர்தான்.

"போத்தல் இருநூறுதாம்மா பிடிக்கும். நிறைஞ்சா இருநூறுன்னு எழுதிடுவேன்."

"அதுக்கு மேல பெஞ்சா?"

"வழிஞ்சு ஓடிடும். ஓடினதை எங்க போய் அளக்கறது? அதான் ஆபீஸுக்கு அனுப்பற தாள்லயும் குறிப்புல 'நிரம்பி வழிந்தது'ன்னு எழுதுவேனே. உங்க ஆபீஸ்ல படிச்சவங்க யாருமே அதைப் பார்க்கலையா?"

முப்பது வருடக் கணக்கும் அடங்கிய தடித்த நோட்டைப் பிரித்துக் காட்டினார். ஏழு நாளுக்கும் எழுதியிருந்தார், மணிமணியான கையெழுத்தில்.

நோட்டைக் கையோடு வாங்கிக்கொண்டு, வழி நெடுக சராசரியை மனதுக்குள் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டே திரும்பினாள். அறைக்குள் நுழைந்து நோட்டை அவர் மேஜைமேல் போட்டாள். அவர் நிதானமாகக் கண்ணாடி மாட்டிப் படித்தார். பிறகு அலமாரியிலிருந்து வரைபட பைலை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"குறிப்பை விட்டுட்டு நம்பரை மட்டும் ஏத்தினது யாரும்மா?"

கீழே இருந்தது அவள் கையெழுத்து. குறிப்பை எல்லாம் உட்கார்ந்து படிப்பது குமாஸ்தா வேலை என்று அன்றைக்கு அவள்தான் ஒதுக்கித் தள்ளியிருந்தாள். முகத்தில் அறைந்தது போல் இருந்தது.

"விடுங்க. அடுத்த வருஷம் திருத்திக்கலாம். இப்போ மாத்தினா ஆபீஸ் பேர்தான் கெடும்," என்று அவர் பைலை மூடினார். அவளும் தன்னைப் போலத்தான் என்று தெரிந்துகொண்ட சந்தோஷத்தில் ஒரு சிரிப்பு வேறு.

வராந்தாவுக்கு வந்து தங்கைக்குப் போன் செய்தாள். தூறல் ஆரம்பித்திருந்தது.

"உடனே கிளம்பு. வீட்ல இருக்காதே."

"என்னக்கா, நம்ம தெரு பச்சைதானே? நீ போட்ட மேப்புதானே?"

பழியைச் சராசரி தலையில் கட்ட நாக்கு நுனிவரை வந்தது. எத்தனை வருடப் பழக்கம்!

"அது தப்பு," என்றாள். "நான்தான் தப்பாப் போட்டுட்டேன். அக்கம்பக்கத்துலயும் சொல்லிட்டுக் கிளம்பு."

அந்தப் பக்கம் குழந்தை வீரிட்டு அழுதது.

"எங்கக்கா போட்டது, தண்ணி வராதுன்னு தெரு முழுக்கப் பெருமையாச் சொல்லி வெச்சிருக்கேன்," என்றாள் தங்கை. "நான் எந்த மூஞ்சியோட மாத்திச் சொல்றது? முதல்ல வந்து மாமியாரை ஒரு பக்கம் பிடி. அப்புறம் நீயே வீடு வீடாப் போய்ச் சொல்லு."