மூன்றாவது ஃபாரம்

மனைவி இறந்த முதல் வாரம் பார்க்க வந்தவர்கள் பழம் வாங்கி வந்தார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து புத்தகம். பழமாவது அழுகித் தானே இடத்தைக் காலி செய்தது. புத்தகங்கள் நகர்வதாக இல்லை. நாலாவது மாதத்தில் சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் பதினேழு புத்தகங்கள் உட்கார்ந்திருந்தன. மறு பாதியில் பசையண்ணன் சாப்பிட்டார்.

அது அச்சகத்தில் வைத்த பெயர். பைண்டிங் பிரிவில் முப்பது வருஷ வேலை, கையில் எந்நேரமும் பசை வாசனை. ஓரிடத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொண்டுவிடுவார், வாயையும் திறக்கமாட்டார் என்பதால் பெயர் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது. லட்சக்கணக்கில் புத்தகம் கட்டியிருக்கிறார், ஒன்றையும் படித்ததில்லை. ஏன் என்று கேட்டால், செருப்புக் கடைக்காரர் எல்லாச் செருப்பையும் போட்டுப் பார்க்கிறாரா என்பார்.

அவர் பேசாமலிருப்பதை மனைவி ஒரு குறையாக எடுத்துக்கொண்டதே கிடையாது. மாலையில் சன்னலோரம் இரண்டு நாற்காலியில் இருவரும் உட்கார்ந்தால் இருட்டும்வரை மொத்தப் பேச்சே இவ்வளவுதான்: "விளக்கைப் போடட்டுமா?" "போடு." அவருடைய அக்காவுக்கு அதுவே வியாதி. தம்பி மூன்று நிமிடம் சேர்ந்தாற்போலப் பேசாவிட்டால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள்.

அந்த அக்காதான் கெடு வைத்தாள்.

"மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள நீ தேறலைன்னா வீட்டைப் பூட்டிட்டு என்னோட கூட்டிட்டுப் போயிடுவேன். சைக்கிள் ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டேன்."

சைக்கிள் ரூம் என்பது அக்கா வீட்டுக்கார மாமா தொப்பையைக் குறைக்க வாங்கிய, நின்ற இடத்திலேயே ஓடும் சைக்கிள் இருக்கும் அறை. இப்போது அதில் ஈரத்துண்டுதான் சவாரி செய்கிறது. சன்னல் கிடையாது. பசையண்ணனுக்கு உலகத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. இந்த வீடும், இந்தச் சன்னலும், இந்த இரண்டு நாற்காலிகளும் போதும். அதற்காகத் தேறித்தான் ஆக வேண்டும் என்றால், தேறிவிடுவது என்று முடிவு செய்து மேசையின் மறு பாதிக்குக் கை நீட்டினார்.

முதலில் உடம்பு. ஒரு வைத்தியர் காலையில் எழுந்ததும் இரண்டு லிட்டர் வெந்நீர் குடிக்கச் சொன்னார். இன்னொரு வைத்தியர், தாகம் இல்லாமல் தண்ணீர் குடிப்பது சிறுநீரகத்துக்குச் செய்யும் துரோகம் என்றார். பசையண்ணன் இருவரையும் பகைத்துக்கொள்ளாமல் ஒரு லிட்டர் குடித்தார். ஒவ்வொரு வாயையும் முப்பத்திரண்டு முறை மெல்லச் சொன்ன புத்தகத்தைப் பின்பற்றியதில் காலைச் சாப்பாடு முடிவதற்குள் மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. பால் விஷம் என்றது பச்சை அட்டை. பாலே மருந்து என்றது மஞ்சள் அட்டை. பச்சையை முதுகில் வெறும் பசை தடவி ஒட்டியிருந்தார்கள், மஞ்சளை நூல் போட்டுத் தைத்திருந்தார்கள். அவர் மஞ்சளை நம்பிப் பால் குடித்தார்.

மனசுக்கு என்று அக்கா தனியாக வாங்கி வந்தது 'இருபத்தெட்டு நாளில் எழுந்து நில்'. தனக்கொன்று, தம்பிக்கொன்று. அட்டையில் நூலாசிரியர் கையைக் கட்டிக்கொண்டு, இருக்கிற பல் அத்தனையும் தெரியச் சிரித்தார். நாளுக்கு நாலு பக்கம் பாடம், கடைசிப் பக்கத்தில் முப்பது மார்க்குக்குப் பரீட்சை. இருபத்தைந்துக்கு மேல் வாங்கினால் எழுந்து நின்றுவிட்டதாக அர்த்தம். பசையண்ணன் திருப்பிப் பார்த்தார். தங்கள் அச்சகத்து வேலை. தையல் உறுதியாக இருந்தது. நம்பலாம்.

முதல் நாலு நாள் மூச்சு விடுவதிலேயே போயிற்று. ஐந்தாம் நாள் கண்ணாடி முன் நின்று பதினொரு நிமிடம் சிரிக்க வேண்டும். நாலாவது நிமிடத்தில் கன்னம் வலித்தது. ஆறாம் நாள், மிகவும் பிடித்த பொருளை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். குடையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தார். அன்றே மழை வந்தது.

ஏழாம் நாள்தான் கஷ்டம். 'இல்லை' என்ற சொல்லை அன்று முதல் வாயில் கொண்டுவரக் கூடாது. அது வாழ்க்கையின் கதவைச் சாத்தும் சொல்லாம். குடை வாங்கிப்போனவர் அந்த உரிமையில் ஏணி இருக்கிறதா என்று கேட்டு வந்தார். பசையண்ணன் வெகுநேரம் யோசித்து, ஏணி கடையில் இருக்கிறது என்றார். வந்தவர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அன்று மதியம் மனைவியின் கைபேசி ஒலித்தது. அதை அவர் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூக்குக் கண்ணாடிக் கடையிலிருந்து ஒரு பெண் பேசினாள். மேடம் ஆர்டர் கொடுத்த கண்ணாடி தயாராகி ரொம்ப நாளாகிறதாம், அவங்க இருக்காங்களா என்றாள். பசையண்ணனின் நாக்கு நுனிவரை வந்த சொல் புத்தகத்தை நினைத்துத் திரும்பிப் போனது.

"வெளியே போயிருக்காங்கம்மா" என்றார்.

எட்டாம் நாள் துக்கத்துக்கு ஒரு விடைபெறும் கடிதம் எழுதச் சொன்னது. எழுதினார். ஒன்பதாம் நாளுக்காகப் பக்கத்தைத் திருப்பினால் 'ஐந்தாம் நாள்' என்று இருந்தது.

நூலாசிரியர் தன் சிரிப்பைப் பார்த்துவிட்டார் போலும், மறுபடி செய்யச் சொல்கிறார் என்று அவர் வெட்கப்பட்டார். இந்த முறை பதினொரு நிமிடமும் சிரித்தார். ஆறாம் நாள் டார்ச் விளக்கைக் கொடுத்தார், மின்சாரம் போயிற்று. ஏழாம் நாள் கண்ணாடிக் கடைப் பெண் மறுபடி கூப்பிட்டாள். "வெளியூர்" என்றார். எட்டாம் நாள் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். 'அன்புள்ள துக்கத்துக்கு, என் முந்தைய கடிதம் கிடைத்திருக்கும் என நம்புகிறேன். பதில் எதுவும் வரவில்லை.'

அடுத்த நாள் புத்தகம் பதின்மூன்றாம் நாளுக்குத் தாவியது. முதல் வரியிலேயே, 'நேற்று மனம் விட்டு அழுதீர்கள் அல்லவா? இனி கண்ணீர் முடிந்த கதை' என்று இருந்தது.

பசையண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் அழவே இல்லை. நேற்றும் இல்லை, இந்த நாலு மாதத்தில் என்றுமே இல்லை. பக்க எண்ணைப் பார்த்தார். முப்பத்திரண்டுக்குப் பிறகு மறுபடி பதினேழு. மறுபடி முப்பத்திரண்டு. அதன் பிறகு நாற்பத்தொன்பது. முப்பது வருஷக் கை, தன்னால் போய்க் கத்தியை எடுத்து அட்டையை உரித்தது.

பதினாறு பக்கத்தை ஒரே தாளில் அச்சடித்து மடித்தால் அது ஒரு ஃபாரம். மடிப்பின் முதுகில் ஒவ்வொரு ஃபாரத்துக்கும் ஒரு கறுப்புக் கோடு, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக. சரியாக அடுக்கியிருந்தால் முதுகில் படிக்கட்டுபோல இறங்கும். இந்தப் படிக்கட்டில் இரண்டாவது படி இரண்டு தடவை இருந்தது. மூன்றாவது படியைக் காணவில்லை.

யார் வேலை என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அச்சகத்து நீள மேசையில் இதே புத்தகத்தின் ஃபாரக் கட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டிருந்தபோதுதான், மனைவி மயங்கி விழுந்துவிட்டதாக ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சரி என்று சொல்லி வைத்தார். மீதிக் கட்டுகளையும் அடுக்கி முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் காலை அச்சகத்துக்குப் போனார். சூப்பர்வைசர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். தப்பாகக் கட்டியது முந்நூறு பிரதிகள் என்று தெரிந்தது. இரண்டாவது ஃபாரம் குறைந்ததும் முந்நூறு கூடுதலாக அடித்துக்கொண்டார்கள். அது எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர் லீவில் இருந்தார்.

"திட்டி லெட்டர் வந்துச்சா?" என்று கேட்டார் பசையண்ணன்.

"திட்டா? பாராட்டு வந்து குவியுதுண்ணே. அந்த நாலு நாளைத் திரும்பச் செய்யச் சொன்னதுதான் மனசை மாத்துச்சாம். ஆசிரியர் அடுத்த பதிப்புல எல்லா நாளையும் ரெண்டு தடவை போடச் சொல்லிட்டார். அம்பத்தாறு நாள். அந்தப் புத்தகத்துல உருப்படியா இருக்கிறதே நீங்க பண்ண தப்புதான்."

மிஞ்சிய மூன்றாவது ஃபாரங்கள் கிடங்கில், ஆடுகிற ஒரு பீரோவுக்கு அடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தன. ஒன்றை உருவி எடுத்து, அங்கேயே ஒரு தாள்கட்டின் மேல் உட்கார்ந்து படித்தார். தனக்கு வேண்டியது எதுவோ அது இதில்தான் இருக்கிறது என்று ஏனோ தோன்றியது. பன்னிரண்டாம் நாள் சொன்னது: 'இன்று அழுங்கள். பதினைந்து நிமிடம். கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்ளவும். முன்னதாக முடிந்துவிட்டால் மீதி நேரத்தில் தண்ணீர் குடிக்கவும்.'

வீட்டுக்கு வந்து அலாரம் வைத்து உட்கார்ந்தார். ஒரு சொட்டு வரவில்லை. பதினைந்து நிமிடமும் தண்ணீர் குடித்தார்.

மாதக் கடைசி நாள் மாலை அக்கா காலிப் பெட்டியோடு வந்தாள். மாமா கீழே காரில் காத்திருந்தார். அவள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தாள், தம்பியை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள், பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு தன் பிரதியின் கடைசிப் பக்கத்தை விரித்தாள். காலையில் எழும்போது சந்தோஷமாக இருக்கிறதா? இருக்கிறது. பழைய நினைவுகள் தொல்லை செய்கின்றனவா? அவை நலமாக இருக்கின்றன. எதிர்காலத்தை நினைத்தால்? பிரமாதமாக இருக்கிறது. வாய் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டே வந்ததில் இருபத்துநாலு மார்க் சேர்ந்துவிட்டது. இன்னும் இரண்டு கிடைத்தால் வீடு அவருடையது.

அப்போது மனைவியின் கைபேசி ஒலித்தது.

எடுத்தார். அதே பெண். மேடம் எப்பதான் சார் வருவாங்க, கண்ணாடி இல்லாம அவங்களுக்குக் கஷ்டமா இருக்குமே என்றாள். குரலில் உண்மையான கவலை இருந்தது. நாலு மாதத்தில் அவரிடம் யாரும் அப்படி மனைவிக்காகக் கவலைப்பட்டுப் பேசவில்லை. எல்லோரும் அவருக்காகத்தான் கவலைப்பட்டார்கள்.

அக்கா பென்சிலைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரமாட்டாங்கம்மா" என்றார் பசையண்ணன். "அவங்க இல்லை. இறந்துட்டாங்க. நாலு மாசம் ஆச்சு. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

கைபேசியை மேசையில் வைத்தார். அழுகை வந்துவிட்டது. அலாரமும் இல்லை, தண்ணீரும் இல்லை. சன்னலோரம் இருந்த தன் நாற்காலிக்கு எப்படியோ போய் உட்கார்ந்தார்.

"போன் வந்தப்புறமும் அஞ்சு நிமிஷம் அடுக்கிட்டிருந்தேன்க்கா" என்றார். "அவ அங்க கிடக்கிறா, நான் காகிதம் அடுக்கிட்டிருந்தேன்."

அக்கா மேசையைப் பார்த்தாள். பதினேழு புத்தகங்களில் ஏதாவது ஒன்று வாயைத் திறக்குமா என்று பார்ப்பதுபோல இருந்தது. பிறகு வந்து மற்ற நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடமும் ஆயிற்று. அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஒரு தடவை முந்தானையால் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கீழே மாமா இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போனில் கூப்பிட்டார். பெட்டி கட்டியாகிவிட்டதா என்று கேட்டிருப்பார்.

"இல்லைங்க" என்றாள் அக்கா. "அவன் வரலை. இங்கதான் இருப்பான். நீங்க போங்க, நான் அப்புறமா வர்றேன்."

போனை வைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏழாம் நாள் போச்சு" என்றாள். "எனக்கும் அது ரெண்டு தடவை வந்துச்சுடா. ஆசிரியர் ரொம்பக் கண்டிப்பானவர் போலன்னு நினைச்சேன்."

பசையண்ணன் எழுந்துபோய், உருவி வந்த மூன்றாவது ஃபாரத்தை அவளிடம் கொடுத்தார். அவள் பன்னிரண்டாம் நாளைத் தேடி எடுத்துப் படித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பதினஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கு. உனக்கு இருபது ஆச்சு."

"கூடப் போன அஞ்சை நீ எடுத்துக்கோ" என்றார் அவர்.

அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. அறையில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. வெகுநேரம் கழித்து அக்கா கேட்டாள்.

"விளக்கைப் போடட்டுமா?"

"இரு. கொஞ்சம் ஆகட்டும்."