விளக்கம் சொல்லியே ஒப்பேற்றியவர்

லின்ட்சே ட்ரெனரிக்குப் பயம் வந்துவிட்டது. மனசு என்று தனியாக ஒன்றும் கிடையாது, மூளை எதுவோ அதுதான் மனசு என்று அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் பதினொரு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்திய மனுஷர். இப்போது அந்த மூளையிலேயே, இடது காதுக்கு மேலே ஒரு கட்டி. தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும் என்று சும்மாவா சொன்னார்கள்!

தத்துவத் துறையில் காலை பத்தரை மணி டீ என்றால் அது டீ இல்லை, மல்லுக்கட்டு. வாதத்தின் நடுவே 'தெரியல' என்று யார் வாயிலிருந்து முதலில் வருகிறதோ அவர்தான் எல்லார் கோப்பையையும் கழுவ வேண்டும். ட்ரெனரி இதுவரை ஒரு கோப்பைகூடக் கழுவியதில்லை. வார்த்தை சிக்காவிட்டால் ஒரு விளக்கத்தைச் சுற்றி வளைத்துப் போட்டு ஒப்பேற்றிவிடுவார். உடம்பு வேறு மனசு வேறு என்று சாதிக்கும் டெஸ்மண்ட் ஹேபிக்தான் பாதி நாள் கோப்பை கழுவுவது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஹேபிக் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நோயாளிக்கென்று வாங்கிவந்த திராட்சையில் பாதியைத் தானே தின்றார்.

"டெஸ், நான் சொன்னதெல்லாம் நிஜம்னா, நாளைக்கு அவங்க வெட்டி எடுக்கப்போறது என்னைத்தான்டா."

"அப்ப நாளைக்கு ஒரு நாள் மட்டும் நான் சொல்றதை நம்பித் தொலையேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

நம்ப முடிந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! முடியவில்லை. அந்த அளவுக்கு நேர்மையான ஆள், பாவம்.

டாக்டர் கெம்பிள் எல்லாவற்றையும் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். ஆபரேஷனின்போது விழித்துத்தான் இருக்க வேண்டும், வலிக்காது. சிஸ்டர் படங்களைக் காட்டுவார், பேர் சொல்ல வேண்டும். பேர் வராவிட்டால் உடனே 'வரல' என்று சொல்லிவிட வேண்டும். அந்த இடத்தில் கத்தி வைக்க மாட்டார். கட்டி கொஞ்சம் மிஞ்சினாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், போன பேச்சைத் திருப்பித் தர தன்னால் ஆகாது என்றார். ட்ரெனரி பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்.

மறுநாள் மண்டையைத் திறந்து வைத்துக்கொண்டு படங்களைப் பார்த்தார். சாவி என்றார். நாய் என்றார். அடுத்தது ஒரு குடை. குடை என்று அவருக்குத் தெரிகிறது, ஆனால் அந்த வார்த்தை இருந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அந்த நேரத்தில் பாழாய்ப்போன வாய் பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டது.

"மழைக்கு எடுத்துட்டுப் போய், டிராம்ல மறந்து வெச்சுட்டு வர்றது."

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் மேற்கொண்டு வெட்டினார். அடுத்து சீப்பு.

"மொட்டையடிச்சுட்டீங்களே, இனிமே எனக்குத் தேவைப்படாதது."

மறுபடி சிரிப்பு. பேராசிரியர் பேச்சுக்குக் குறைச்சலில்லை என்று சிஸ்டர் சொல்ல, கத்தி நகர்ந்தது. உள்ளே அவர் அலறிக்கொண்டிருந்தார். நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் நினைத்தார்; வாய் கெட்டிக்காரத்தனத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த படத்துக்கு விளக்கமும் கிடைக்கவில்லை.

"வரல," என்றார்.

சிரிப்பு நின்றது.

"எப்போதிலேர்ந்து வரல?" என்று கேட்டார் டாக்டர்.

"குடையிலேர்ந்து" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்கும் அந்தப் பேர் வேண்டுமே!

மூன்றாம் நாள் அவர் மனைவி தெல்மாவை உள்ளே விட்டார்கள். தன்னைத் தெரிகிறதா என்று கேட்டாள். தெரியாமலா? கழுத்து மச்சம், மூன்று தும்மலாகத் தும்முவது, தேனிலவில் போட்ட சண்டை, எல்லாம் தெரிந்தது.

"ரெண்டு சர்க்கரை போதும்னா மூணு போடறவ," என்றார்.

தெல்மா சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அதே ஆள்தான் என்று சிஸ்டரிடம் பெருமைப்பட்டாள்.

"சரி, பேர் சொல்லிக் கூப்பிடு. மூணு நாளா அதுக்குத்தான் வெளியில உக்காந்திருக்கேன்."

அவர் வாயைத் திறந்தார். அவள் கையை இறுக்கிப் பிடித்தார். அவள் காத்திருந்தாள். மெல்ல மெல்ல அந்தச் சிரிப்பு வடிந்தது.

"லின், விளையாடாதே. பயமா இருக்கு."

அவருக்கும் பயமாகத்தான் இருந்தது.