ஈரத்துண்டும் மூன்றாம் அடுக்கும்

எழுந்தான். பல் தேய்த்தான். குளித்தான். ஈரத்துண்டைப் பிழிந்து பால்கனிக் கொடியில் விரித்து, இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினான். டீ போட்டான், குடித்தான், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். கட்டிலில் அவள் பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தான். காய்ந்திருந்தது. அவள் போனதிலிருந்து தினமும் காய்ந்துதான் இருக்கிறது.

கீழ் வீட்டு மாமியார் படியேறி வந்தாள். கையில் மகளின் போன்.

“இந்தாங்க மாப்ள, உங்க ஆபீஸ் போன். திருப்பிக் கேட்டாங்கன்னீங்களே. சார்ஜ் போட்டு வெச்சிருக்கேன்.”

“சார்ஜ் எதுக்கு அத்தை?”

“செத்தவ போனுன்னா அதையும் சாகவிடணுமா?” பால்கனியைப் பார்த்தாள். “இந்த லட்சணமா அப்பவே காயப்போட்டிருந்தா, என் பொண்ணு உங்களைத் தலைல தூக்கி வெச்சு ஆடியிருப்பா.”

“ஆடுற ஆளா அவ?”

“ஆடமாட்டா. ஆட்டி வைப்பா,” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவன் வேலை செய்யும் இடத்தில் போனில் பேசும் குரலை மூன்றாகப் பிரித்து அனுப்புவார்கள். முதல் அடுக்கில் வெறும் வார்த்தை. இரண்டாவதில் அது யாருடைய குரல் என்ற அடையாளம். மூன்றாவதில் மூச்சு, முணுமுணுப்பு, பின்னால் உருளும் பாத்திரம். அலைவரிசையில் நெரிசல் வந்தால் டவர் யாரையும் கேட்காமல் மேல் அடுக்குகளைக் கழற்றி எறிந்துவிடும். கூட்டமான பஸ்ஸில் ஆளை ஏற்றிக்கொண்டு மூட்டையை இறக்கிவிடும் கண்டக்டர் மாதிரி. சேதி போய்ச் சேரும். மற்றதெல்லாம் ரோட்டோரம்.

எது எந்த அடுக்கில் என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் நடந்தது. “சிரிப்புல சேதி ஒண்ணும் இல்ல சார், மூணாவதுல போடலாம்” என்று வாதாடி ஜெயித்தவன் அவன்தான். மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவர் வாயைத் திறந்தால் போனில் போகும் தகவலை அளக்கும் கிலோபிட் கணக்குதான். அதனால் ஆபீசில் அவருக்குப் பெயரே கிலோபிட்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னபோது அவள் கேட்டாள்: “அந்த ரூம்ல ஒருத்தனாவது சிரிக்கத் தெரிஞ்சவன் இருந்தானா?”

சோதனைக்காக ஊழியர்களுக்கு வீட்டுக்கு இரண்டு போன் கொடுத்திருந்தார்கள்; ஒன்று அவனிடம், ஒன்று அவளிடம். அனுப்பியதையும் போய்ச் சேர்ந்ததையும் பின்னால் ஒப்பிட வேண்டும் என்பதால், பேசியது முழுதும் பேசியவரின் போனுக்குள் அப்படியே தங்கும்.

கடைசி நாள் காலையில் ஈரத்துண்டுச் சண்டை. அவள் பக்கத்தில் துண்டு கிடந்து மெத்தை நனைந்திருந்தது. “நான் போடலை” என்றான். அவனே அதை நம்பவில்லை. வீட்டிலிருந்த இரண்டு துண்டும் ஒரே நீலம், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசத்தில் வந்தவை. ஆனால் போடுகிற பழக்கம் யாருடையது என்பதில் எந்தக் கோர்ட்டுக்கும் சந்தேகம் வராது.

மத்தியானம் அவள் தன் ஆபீசிலிருந்து கூப்பிட்டாள். நெரிசல் நேரம், முதல் அடுக்கு மட்டும் வந்தது.

“இனிமே துண்டைப் பத்தி உன்கிட்ட பேசவே மாட்டேன். அவ்ளோதான். வெச்சுடறேன்.”

ரயில் தாமதம் என்று ஸ்டேஷனில் அறிவிக்கிற மாதிரி உயிரில்லாத குரல். பிறகு ‘உஸ்’ என்று மெல்லிய இரைச்சல். யாரும் பேசாத நேரத்தில், லைன் செத்துவிட்டதோ என்று ஜனங்கள் பயப்படாமல் இருக்க, போனே தயாரிக்கும் பொய் இரைச்சல் அது. அவள் மறுபடி பேசுவாள் என்று அவன் அதைக் கேட்டுக்கொண்டே நின்றான். கட் ஆனது.

சாயங்காலம் ஆபீஸ் மாடிப்படியில் அவள் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். அதைச் சொல்லத்தான் அவ்வளவு பெரிய படிப்பு.

துக்கத்துக்கு வந்தவர்களில், ஆபீசில் அவளுக்குப் பக்கத்து நாற்காலித் தோழி எதையோ சொல்ல வாயெடுத்து விழுங்கினாள். அன்றைக்கு எல்லோரும் எதையாவது விழுங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அவனுக்குத் தொண்டையில் நின்றது ஒன்றே ஒன்று: கோபத்தோடு போய்விட்டாள்.

அத்தை கொடுத்த போனோடு ஆபீசுக்குப் போனபோது கிலோபிட் காத்திருந்தார்.

“மூணாவது அடுக்கைத் தூக்கிடலாம்னு மேல சொல்றாங்க. எட்டு கிலோபிட் மிச்சம். பாக்கி இருக்கிற பதிவைக் கேட்டுப் பாத்து, வித்தியாசம் ஒண்ணும் தெரியலைன்னு எழுதிக் குடு. அப்புறம் போன்ல பதிஞ்சிருக்கிறதை எல்லாம் இன்னிக்கே துடைச்சுடு, போனைப் புது ஆளுங்களுக்குக் குடுக்கணும்.”

“ஒரே ஒரு போன்தான் சார் பாக்கி.”

அவர் போனில் ஒட்டியிருந்த பெயர் ஸ்டிக்கரைப் பார்த்தார்.

“நான் கேட்டு எழுதட்டுமாப்பா?”

“வேண்டாம் சார்.”

“கேக்காமலே துடைச்சாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்.”

அதுதான் அவன் திட்டமும். முதல் அடுக்கில் வந்த கோபம் அட்டையில் வெட்டிய பொம்மை மாதிரி. அதோடு எப்படியோ காலம் தள்ளிவிட்டான். ரத்தமும் சதையுமான கோபம் மேல் அடுக்குகளில் உட்கார்ந்திருக்கும். அதைக் கேட்டுவிட்டால் மீதி ஆயுளுக்கு அதுதான் துணை. துடைத்துவிட்டால் தெரியாமலே போகும். இரண்டும் கேடு. கேட்டாலாவது அவள் குரல் இருக்கும்.

சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறையில் போய்க் கதவைச் சாத்தினான். ஹெட்போனை மாட்டினான். போனில் சார்ஜ் முழுசாக இருந்தது.

முதல் அடுக்கு. அதே ஸ்டேஷன் அறிவிப்பு, அதே ‘உஸ்’.

இரண்டாவதைச் சேர்த்தான். குரலுக்கு முகம் வந்தது. அவளேதான். கோபமும்தான், முதல் தரமான கோபம். முடிவில் அதே பொய் இரைச்சல். ஹெட்போனைக் கழற்றினான். மூக்கைத் துடைத்தான். மறுபடி மாட்டினான்.

மூன்றாவதைச் சேர்த்தான்.

ஃபேன் சத்தம் வந்தது. நாற்காலி கிறீச்சிட்டது. வார்த்தைக்கு வார்த்தை நடுவே மூச்சு அடைபட்டு அடைபட்டு வந்தது, வாய்க்குள் எதையோ பிடித்து வைத்திருப்பவள்போல. “வெச்சுடறேன்.” பொய் இரைச்சல் இருந்த இடத்தில் உள்ளங்கை மைக்கை மூடும் சத்தம், வாட்ச் உரசல். அதற்குப் பின்னால், மூடிய கைக்கு அப்பால், இரண்டு பெண்கள் வெடித்துச் சிரித்தார்கள். ஒருத்திக்குப் புரையேறியது. இன்னொருத்தி, அவனுடையவள், மூச்சு வாங்கிக்கொண்டு அடிக்குரலில் சொன்னாள்:

“சிரிக்காதடி சனியனே. அந்தத் துண்டைப் போட்டது நான்தான். அவன்கிட்ட சொல்லித் தொலைச்சுடாத.”